உள்ளே மருந்து இருக்கிறது

என் அக்காவைப் படம் எடுப்பது நடக்காத காரியம். செல்போனைத் தூக்கினாலே முகம் இறுகிவிடும். எடுத்த கையோடு "காட்டு" என்பாள். காட்டினால் வாங்கிப் பார்ப்பாள், ஒரு தட்டில் அழித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுப்பாள். கோபமெல்லாம் கிடையாது. சோற்றில் கிடக்கிற கறிவேப்பிலையை ஒதுக்குவது போல ஒதுக்கிவிட்டு, துணி மடிக்கப் போய்விடுவாள்.

அவளுக்கு இடது கண் கொஞ்சம் விலகிப் பார்க்கும். எங்களுக்கு அது கண்ணில் படுவதே இல்லை. ஆனால் சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குக் குரூப் போட்டோ எடுக்க வந்த ஒருவர், அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால், "அந்தப் பாப்பா மட்டும் கொஞ்சம் கீழே பாரும்மா" என்று சொல்லிவிட்டார். அந்த மனிதர் இப்போது என் கையில் கிடைத்தால் என்ன ஆவார் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. அன்றிலிருந்து அக்கா எந்தக் கேமராவையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. விருதுநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். அங்கே அடையாள அட்டைக்கென்று கட்டாயப்படுத்தி எடுத்த படம் ஒன்று உண்டு. அந்த அட்டையையும் கழுத்தில் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போவாள்.

நான் அவளுக்குத் தங்கை. பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறேன். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்கள். அதற்கு அவசியமே இல்லை, நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். சிவகாசிக்கு வெளியே ஆனைக்குட்டம் போகிற பாதையில், ஒரு காம்பவுண்டு வீட்டில் குடியிருக்கிறோம்.

அம்மா இறந்தபோது மாலை போட ஒரு படம் வேண்டும் என்று வீட்டைப் புரட்டிப் போட்டோம். கிடைத்தது வாக்காளர் அட்டைதான். ஸ்டுடியோவில் அதைப் பெரிதாக்கிக் கொடுத்தார்கள். ஊரையே சிரிக்க வைத்த என் அம்மா, ஏதோ வழக்கில் பிடித்து வந்தவள் மாதிரி இன்றைக்கும் சுவரில் முறைத்துக்கொண்டு நிற்கிறாள். அந்தப் படத்துக்கு ஆணி அடிக்கும்போது எனக்குப் பகீரென்றது. நாளைக்கு அக்காவுக்கும் இதேதானே? அவள் சிரித்த முகம் ஒன்றாவது என்னிடம் இருக்க வேண்டும் என்று அப்போது பிடித்தது பிடிவாதம்.

பிலிம் கேமரா என் வாழ்க்கைக்குள் வந்தது வேறு வழியாக. ஒளி பட்டால் வெள்ளி புரோமைடு சிதையும், கறுப்பு வெள்ளைப் படம் எடுப்பதற்கு அது பயன்படுகிறது என்று பத்தாம் வகுப்பில் வருடாவருடம் நடத்துகிறேன். ஒரு வருடம் ஒருத்தி எழுந்து, "மிஸ், நீங்க அதப் பாத்திருக்கீகளா?" என்று கேட்டாள். பார்த்ததில்லை. அதைச் சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அந்த ரோஷத்தில் இணையத்தில் தேடி, கோயம்புத்தூரிலிருந்து ஒரு பழைய கேமராவை வரவழைத்தேன். பிலிம் விலையை அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒரு வாரத்துக்கு ரசம்தான்.

முதல் ரோலில் ஒன்றும் வரவில்லை. பிலிமின் நுனியைச் சக்கரத்தில் ஒழுங்காக மாட்டாமலேயே ஊரெல்லாம் சுற்றி முப்பத்தாறு தடவை கிளிக் செய்திருக்கிறேன். இரண்டாவது ரோலில் பாதி வெறும் சாம்பல். மூன்றாவதில் ஒரு படம் வந்தது. எங்கள் காம்பவுண்டு வாசலில் நிற்கிற வேப்பமரமும் அதன் கீழ் ஒரு சைக்கிளும். ஊரில் ஆயிரம் பேர் எடுத்திருக்கக் கூடிய படம்தான். ஆனால் பிலிமிலிருந்து பிரிண்ட் போட்டபோது, சிவப்பு விளக்கு வெளிச்சத்தில், தட்டில் மிதந்த வெள்ளைத்தாளில், முதலில் சைக்கிளின் ஹேண்டில்பார் தெரிந்தது, பிறகு மரம், பிறகு நிழல். நான் தனியாக நின்று கை தட்டினேன். இத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்ட சமன்பாடு, அன்றைக்குத்தான் உண்மை என்று எனக்கே நம்பிக்கை வந்தது.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. செல்போனில் ஒரு பூவை இருபது தடவை எடுப்பவள், இதில் ஒரு படத்துக்குக் கால் மணி நேரம் நின்றேன். லீவரைத் தள்ளும்போது கட்டைவிரலில் பிலிம் நகர்வது தெரியும். அந்தச் சுகத்துக்காகவே இன்னொரு படம் எடுக்கலாம் போலிருக்கும். குளியலறைதான் என் இருட்டறை. வென்டிலேட்டரை அடைக்கப் பக்கத்துக் காலண்டர் கம்பெனியில் அட்டை கேட்டு வாங்கினேன். அங்கே மெஷினில் நின்றவருக்கு என் படங்களைக் காட்டியபோது, அவர் கவலையோடு, "கலர் மை தீந்து போச்சா டீச்சர்? சொல்லியிருந்தா நாங்க போட்டுத் தந்திருப்பமே" என்றார். நாட்டுக்கே கலர் கலராக அச்சடித்து அனுப்புகிற ஊரில், வேண்டுமென்றே கறுப்பு வெள்ளையில் போடுகிற பைத்தியத்தை அவருக்கு எப்படி விளக்குவது?

மழை பெய்து ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு அக்காவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஆனைக்குட்டம் அணைக்குப் போனேன். தண்ணீர் கிடந்தது. கரையில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். கேமரா என் மடியில் இருந்தது. அக்கா அதைச் சட்டை செய்யவில்லை. அவளைப் பொறுத்தவரை அது நான் இழுத்துக்கொண்டு திரிகிற ஒரு இரும்பு.

எங்கிருந்தோ வந்த ஆடு ஒன்று அவள் முந்தானையைச் சாதத்தோடு சேர்த்து மெல்ல ஆரம்பித்தது. அக்கா இழுத்தாள். ஆடும் இழுத்தது. "ஏலே விடுலே, சர்ச்சுக்குக் கட்டுற சேலைலே" என்று ஆட்டிடம் நியாயம் பேசினாள். ஆடு மென்றுகொண்டே அவளை ஏறிட்டுப் பார்த்தது. அவ்வளவுதான், அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்தால் சத்தமே வராது. தலையைப் பின்னால் சாய்த்து, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். நான் கேமராவைத் தூக்கினேன். கிளிக்.

சத்தம் கேட்டதும் சிரிப்பு நின்றது. "எடுத்துட்டியா? காட்டு."

"காட்ட முடியாது. இதுல ஒண்ணும் தெரியாது."

கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்னால் கறுப்பு மூடி மட்டும்தான். மூடியின் கொண்டியில் நகத்தை வைத்தாள். எனக்கு உயிர் போய்விட்டது. "அக்கா, அதத் திறந்தா உள்ள இருக்கது அம்புட்டும் போயிரும்!"

"அப்ப திறந்துர வேண்டியதுதான்" என்றாள். ஆனால் திறக்கவில்லை. நகத்தை எடுத்தாள். "சரி, படம் வரட்டும். மொதல்ல நான்தான் பாப்பேன். பிடிக்கலைன்னா கிழிச்சுருவேன், அப்புறம் நீ மூஞ்சியத் தூக்கக் கூடாது."

ஒத்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

ரோலில் இன்னும் பாதி மீதி இருந்தது. அது முடியாமல் கழுவ முடியாது. அக்காவோ அதைப் பற்றிக் கேட்காதது போலக் கேட்க ஆரம்பித்தாள். தோசை ஊற்றும்போது, "அந்த ஆட்டுப் படம் என்னாச்சு?" என்பாள். டியூட்டிக்குக் கிளம்பும்போது, "இன்னுமா கழுவல?" என்பாள். செல்போன் படத்தை அவள் ஒரு நொடிக்கு மேல் பார்த்ததில்லை. பார்க்கவே முடியாத ஒரு படம் அவளை வாரக்கணக்கில் சுற்ற வைத்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரோல் முடிந்தது. அக்கா காலை டியூட்டியில் இருந்தாள். அவள் வருவதற்குள் கழுவிவிடலாம் என்று படத்தை வரவழைக்கிற டெவலப்பரைக் கலக்கி, வந்ததை நிலைக்க வைக்கிற ஹைப்போவைக் கலக்கி, எல்லாவற்றையும் குளியலறையில் வரிசையாக வைத்தேன். எங்கள் குளியலறையின் கதவு, மூன்று வீட்டுக்கும் பொதுவான பின்முற்றத்தில் திறக்கும். பிள்ளைகள் விளையாடுகிற இடம். யாராவது தெரியாமல் கதவைத் தள்ளிவிட்டால்? பிலிமைக் கேமராவிலிருந்து எடுத்து டப்பாவுக்குள் சுற்றுகிறவரை சொட்டு வெளிச்சம் படக் கூடாது. அந்தக் கட்டத்தில் சிவப்பு விளக்குக்கூட ஆகாது. எனவே, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மதினியிடம் பொறுப்பாகச் சொன்னேன்:

"மதினி, உள்ள மருந்து கலந்து வச்சிருக்கேன். பிள்ளைகளக் கொஞ்சம் அங்கிட்டே வச்சுக்கோங்க. யாரும் கதவத் தொட்டுறக் கூடாது, தொட்டா எல்லாம் போச்சு."

மதினியின் கையிலிருந்த ஈரத்துணி அப்படியே நின்றது. "மருந்தா டீச்சர்?" என்றார். "ஆமா மதினி, இப்பதான் கலந்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

வெளியூர்க்காரர்களுக்கு மருந்து என்றால் மாத்திரை, டானிக். என் அக்காவுக்கு ஊசி. எனக்கு அந்த நேரத்தில் டெவலப்பர். எங்கள் காம்பவுண்டில் மற்ற எல்லோருக்கும் மருந்து என்றால் ஒன்றே ஒன்றுதான், வெடிக்குள் போகிறது. மதினியின் வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். மருந்து கலக்குகிற அறையில் விளக்கு இருக்காது, செருப்போடு போகக் கூடாது, கதவை இழுத்து அடிக்கக் கூடாது, அதிகம் பேர் நிற்கக் கூடாது என்பதெல்லாம் அந்த வீட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். வீட்டுக்குள் ஒளித்து வைத்து வெடி போடுகிறவர்களைப் பற்றியும் தெரியும், அவர்கள் வீடு என்ன ஆகும் என்றும் தெரியும். ஏற்கெனவே எங்கள் வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்திருக்கிறேன். விளக்கே போடாமல் உள்ளே ஏதோ செய்கிறேன். இப்போது நானே வாயால் சொல்லிவிட்டேன்.

எனக்கு இது எதுவும் உறைக்கவில்லை. இருட்டில் பிலிமைப் பிரித்து நுனியைச் சுருளில் மாட்டுவதற்குள்ளேயே வேர்வை ஆறாக ஓடியது. ஈரக்கை பட்டால் பிலிம் ஒட்டிக்கொள்ளும். மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். வெளியே ஆட்கள் நடமாடுகிற சத்தம். வாளி வைக்கிற சத்தம். "செருப்பக் கழட்டு, எல்லாரும் செருப்பக் கழட்டு" என்று யாரோ அடிக்குரலில் சொன்னார்கள். பிறகு போர்மேன் அண்ணாச்சியின் குரல், காய்ச்சல்காரரிடம் பேசுவது போல அவ்வளவு பதமாக.

"டீச்சர், நாந்தேன். பதறாதீக. கையில இருக்கத மெல்ல அங்கனயே கீழ வச்சுட்டு எந்திரிச்சு வாங்க."

"இப்ப வைக்க முடியாது அண்ணாச்சி, இன்னும் பாதி சுத்தணும்!"

"என்னது டீச்சர் சுத்துறீக?"

"ரோல் அண்ணாச்சி. ஒரே ஒரு ரோல்தான்."

பொம்மைத் துப்பாக்கியில் வைத்து வெடிக்கிற கேப்புச் சுருளையும் எங்கள் ஊரில் ரோல் என்றுதான் சொல்வோம். "ரோல் கேப்பு போடுதாகளாம்" என்று மதினி அழ ஆரம்பித்துவிட்டார். "படிச்சவுக இப்பிடிப் பண்ணலாமா?" என்று மூன்றாவது வீட்டிலிருந்து ஒரு குரல். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "அது இல்ல மதினி, போட்டோ, போட்டோ!" என்று கத்தினேன். கத்திய கத்தில் பதற்றம் கூடியதே தவிர, யாருக்கும் வார்த்தை விளங்கவில்லை.

அண்ணாச்சி சொல்வது கேட்டது: "இருட்டுக்குள்ள கை தவறிருச்சுன்னா அவ்வளவுதான். மேல அந்த அட்டையக் கம்ப வச்சு மெதுவாத் தள்ளுங்க. வெளிச்சம் வந்தா டீச்சரே பாத்து வச்சுட்டு வந்துருவாக."

என் தலைக்கு மேல் அட்டையில் கம்பு உரசியது. கையில் இருந்த பிலிமை மார்போடு சேர்த்து, சேலைக்குள் பொத்திக்கொண்டு சுவரோரம் குனிந்தேன். அதற்குள் இருந்தது என் அக்காவின் சிரிப்பு. அட்டை ஒரு விரல்கடை நகர்ந்தால் போதும். நான் செய்யக் கூடியது எதுவும் இல்லை. கத்தினாலும் யாருக்கும் விளங்காது.

முற்றத்துக் கேட்டு தடாலென்று திறந்தது. செருப்புக் காலோடு விறுவிறுவென்று ஓடி வருகிற சத்தம். எங்கிருந்தாலும் அந்த நடையை எனக்குத் தெரியும்.

"யாருலே அது அட்டையத் தொடுறது? கம்பக் கீழ போடு!"

"மேல்சத்தம் போடாதீக சிஸ்டர், உள்ள மருந்து..." என்றார் அண்ணாச்சி.

"மருந்தாவது மண்ணாவது! உள்ள என் படம் இருக்கு! தொட்ட கைய ஒடிச்சிருவேன், ஆமா. உள்ள என் படம் இருக்குங்கேன்ல!"

கம்பு விழுந்தது. கதவில் முதுகைக் கொடுத்து அவள் நின்றது பலகை அழுந்துகிற சத்தத்தில் தெரிந்தது. என் படம். பிறந்ததிலிருந்து நான் அவளோடு இருக்கிறேன், அவள் வாயிலிருந்து அந்த இரண்டு சொல்லைச் சேர்த்துக் கேட்டதில்லை. இருட்டில் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே கையைத் துடைத்து மீதி பிலிமைச் சுற்றினேன். டப்பாவை மூடிவிட்டுக் கதவைத் திறந்தேன்.

முற்றத்தில் மணல் வாளிகள், நனைத்த சாக்குகள், வரிசையாகக் கழற்றி வைத்த செருப்புகள். அக்கா எல்லோருக்கும் மூச்சு விடாமல் விளக்கிக்கொண்டிருந்தாள். வெடிமருந்து இல்லை, போட்டோ கழுவுகிற மருந்து என்று விளங்கியதும் மதினி முதலில் என்னைக் கட்டிக்கொண்டார், பிறகு முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். காம்பவுண்டே சிரித்தது. அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். அது வெடிக்கும் என்று முழுசாக நம்பித்தான் அந்தக் கதவுக்கு ஓர் அடி தள்ளி நின்று என்னிடம் அவ்வளவு பதமாகப் பேசியிருக்கிறார். "மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்றேன். "இனிமே லோஷன்னு சொல்லுங்க டீச்சர்" என்றார்.

மூடிய டப்பாவுக்குள் வெளிச்சம் போகாது. அதனால் மீதி வேலையெல்லாம் முற்றத்தில், எல்லோர் முன்னாலும்தான் நடந்தது. நான் ஊற்றி ஊற்றிக் கவிழ்த்தேன், அண்ணாச்சி கடிகாரம் பார்த்துச் சொன்னார். கடைசியில் ஈரப் பிலிமை வெளியே இழுத்து வெயிலுக்கு எதிரே பிடித்ததும் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். நெகட்டிவ் இல்லையா, முகமெல்லாம் கறுப்பு, தலையெல்லாம் வெள்ளை. "பேய் மாதிரி இருக்கே!" என்றது ஒரு குட்டி. அக்கா எட்டிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டாள்.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்து சிவப்பு விளக்கைப் போட்டபோது, கூப்பிடாமலே உள்ளே வந்தாள். இரண்டு பேருக்கு அங்கே இடம் கிடையாது. கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள். கழுவுகிற மருந்தின் வினிகர் வாடைக்கு மூக்கைச் சுளித்து, "ஊறுகாயா போடுற?" என்று கேட்டாள். நான் பிலிம் வழியாகத் தாளுக்கு வெளிச்சம் காட்டி, தட்டில் நழுவவிட்டேன். தட்டின் ஓரத்தை மெல்ல ஆட்டினேன்.

முதலில் ஆட்டின் காது வந்தது. பிறகு முந்தானையின் கரை. பிறகு கழுத்து, மோவாய், திறந்த வாய், கன்னத்தில் விழுந்த குழி, இரண்டு கண்ணும். எதுவும் குனியவில்லை, எதுவும் இறுகவில்லை. அக்கா வாளியிலிருந்து எழுந்து தட்டின் மேல் குனிந்தாள். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிழிப்பதென்றால் இப்போதே கிழிக்கலாம், ஈரத்தாள்.

தட்டின் ஓரத்தைப் பிடித்து அவளே ஒரு தடவை மெல்ல ஆட்டிப் பார்த்தாள்.

"நான் சிரிச்சா இப்பிடியாடி இருக்கும்?"

"இப்பிடித்தான் இருக்கும்."

"எப்பவுமா?"

"எப்பவும்தான்."

அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இத்தன வருசமா ஏன்டி யாருமே எனக்குச் சொல்லல?" என்றாள்.

அவளுக்குத் தெரியும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.